கூரைக்கு வேர்க்கிறதாம்

என் மாமா கைவைத்த எந்தக் கூரையும் ஒழுகியதில்லை. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். தண்ணீர் சொட்டும், தரை நனையும், கீழே இருப்பவர்கள் பாத்திரம் தேடி ஓடுவார்கள். ஆனால் அது ஒழுகல் இல்லை. "தகரம் சூடாகுது, குளிருது, வேர்க்குது. மனுசனுக்கு வேர்க்கலையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கூரைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன். முதலில் அலுமினியக் கதவு போட்டார். கதவுகள் மூடவில்லை. பிறகு கேமரா மாட்டினார். ஒரு கடையில் திருட்டுப் போனபோது பார்த்தால், கேமராவில் பதிவாகியிருந்தது பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மட்டும். பிறகு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். அதைப் பற்றி அவர் வீட்டிலேயே யாரும் பேசுவதில்லை. இப்போது சோலார். ஒவ்வொரு தொழிலுக்கும் முதுகில் எழுத்துப் போட்டுச் சட்டை தைத்துக்கொள்வார். சட்டைதான் அவருக்குத் தொழிற்பயிற்சி.

என்னைப் படிக்க வைத்ததும் அவர்தானாம். போகிற இடமெல்லாம் சொல்கிறார். என்னைப் படிக்க வைத்தது மூட்டை சுமந்த அப்பாவின் முதுகு. மாமா செய்தது, காலேஜ் சேர்ந்த அன்று என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனது. பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மீதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளியது நான். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். கூரைத் தகரம் செய்கிற ஒரு கம்பெனியில், புகார் பிரிவில் வேலை. ஒழுகுகிற கூரைகளைப் போய்ப் பார்த்து, 'தகரத்தில் குறை இல்லை, பொருத்தியதில்தான் குறை' என்று எழுதிக் கொடுப்பேன். பெரும்பாலும் அது உண்மையும்கூட. தகரம் தானாக ஒழுகாது. அதில் ஓட்டை போட ஒரு மாமா தேவைப்படுவார்.

அக்கா படிக்கவில்லை. நான் பரீட்சை எழுதிய வருடங்களில் அவள் ஒரு பெரிய யூனிட்டில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயே மெஷினைப் பழகி, அந்த முதலாளியம்மாவிடம் ஏச்சும் வாங்கி, கடைசியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டாள். பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கோடியில், எங்கள் கம்பெனித் தகரம் வேய்ந்த ஷெட். செருப்புக் கம்பெனி ஒன்று முதல் ஆர்டர் கொடுத்திருந்தது. ஆள் உயரக் காகித உருளைகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

உருளை நனைந்தால் மேலே ஒரு சுற்றை உரித்துவிட்டு மிச்சத்தை ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் பெட்டி செய்து பார்க்காதவர்கள். ஈரம் அடியிலிருந்து உள்ளே ஏறும். உருளை ஒரு பக்கம் உப்பி முட்டை மாதிரி ஆகிவிடும். மெஷினில் மாட்டினால் குதிக்கும், காகிதம் கிழியும். முதல் ஆர்டரிலேயே அப்படி நடந்தால் அக்கா ஷட்டரை இழுத்துவிட்டுப் பழைய முதலாளியம்மா வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

கரண்ட் செலவு குறையும் என்று மாமா சோலார் யோசனையோடு வந்தபோது நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: கூரையில் ஓட்டை போடும்போது நான் கூட இருக்க வேண்டும். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு புகாருக்காக நான் வெளியூர் போயிருந்த வாரமாகப் பார்த்து மாமா வேலையை முடித்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நான் நேராக ஷெட்டுக்குப் போனேன். ஏணி சாய்த்திருந்தது. மேலே மாமாவின் ஆள், டியூப் அண்ணன். இடுப்பில் எப்போதும் ஒரு கோந்துத் துப்பாக்கி செருகியிருப்பார். சுவரில் விரிசலா, குழாயில் கசிவா, செருப்பு அறுந்ததா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்.

"வாங்க இன்ஜினியரம்மா," என்றார் மாமா கீழே நாற்காலியில் இருந்தபடி. "வேலை முடிஞ்சதும் கரெக்டா வந்துட்டீங்க. பந்தி பரிமாறுற நேரம் பாத்து வர்ற சொந்தக்காரங்க மாதிரி."

நான் மேலே ஏறினேன்.

எங்கள் தகரத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடும். மழை பெய்தால் மேடு நனையும், பள்ளம் ஓடையாகும். ஆகவே எதைப் பொருத்துவதாக இருந்தாலும் மேட்டில்தான் துளை போட வேண்டும். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை மழையைப் பார்த்திருந்தால் போதும். சோலார் பலகைகளைத் தாங்குகிற கால்களைப் பார்த்தேன். வரிசையாக, அழகாக, நூல் பிடித்த மாதிரி, எல்லாமே பள்ளத்தில்.

"ஏண்ணே, பள்ளத்துல போட்டீங்க?"

"பள்ளத்துலதான்மா கால் ஆடாம உக்காருது. மேட்டுல வச்சா கழுதை மேல மூட்டை வச்ச மாதிரி சாயும்."

"மேட்டைக் கவ்விப் பிடிக்கிற மாதிரியே கால் விக்குதே."

"அது கடையில இல்லன்னு உங்க மாமா சொன்னாரு."

"அவரு கடைக்குப் போனாரா?"

டியூப் அண்ணன் கோந்துத் துப்பாக்கியின் மூக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு காலைச் சுற்றி வெள்ளைக் கோந்து அப்பியிருந்தது, கேக்குக்கு கிரீம் வைத்த மாதிரி. குனிந்து முகர்ந்தேன். புளித்த வாடை. குளியலறைக் கண்ணாடி ஒட்டுகிற கோந்து அது. தகரத்தின் மேல்பூச்சையே அரித்துவிடும். நகத்தால் நெம்பினேன். காய்ந்த பொருக்கு மாதிரி முழுசாகக் கையோடு வந்தது. துளை போட்ட இரும்புத் தூளைக்கூடத் துடைக்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். திருகாணியைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கியதில் அதன் ரப்பர் வளையம் பிதுங்கி வெடித்திருந்தது.

அடைப்பு என்பது கீழே இருக்க வேண்டிய சமாசாரம். பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று ஒரு கருப்பு டேப் இருக்கிறது. அதைத் தகரத்தில் வைத்து, அதன்மேல் காலை வைத்து, ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை முறுக்கி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். மேலே பூசுகிற கோந்து பார்க்கிறவர் மனசுக்கு. தண்ணீருக்கு மனசு கிடையாது.

இறங்கி வந்து சொன்னேன். "மாமா, இது ஒழுகும். எல்லாத்தையும் கழட்டணும்."

"ஒழுகுமா? என் கை பட்டதா?" மாமா, மூலையில் மாதிரிப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "உன் பொண்ணு புஸ்தகத்துல படிச்சுட்டு வந்திருக்கா. நான் கூரையில படிச்சவன்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லயே. ஹோஸ் பிடிச்சு மேல தண்ணி விட்டுப் பாத்துடலாம்."

அம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டாள். "மாமா செஞ்ச வேலைக்குத் தண்ணி ஊத்திப் பாக்குறதா? அதுக்கு அவரு மூஞ்சியிலயே ஊத்தலாமே! பெரியவங்கள நம்பாத படிப்பு என்ன படிப்போ."

இதுதான் எங்கள் வீட்டுக் கட்டடக்கலை. பெரியவர் போட்டது தாங்குமா என்று தட்டிப் பார்த்தால், அது அவர் தலையில் தட்டிய மாதிரி. மாமா போட்ட கதவு மூடாதபோது அதைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டோமே தவிர, மூடவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நீ ஏதாவது சொல்லேன்டி. பெட்டி ஒட்டி ஒட்டி வாயும் ஒட்டிக்கிச்சா?" என்றேன்.

அவள் எண்ணெய் டப்பாவை வைத்துவிட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "நீ வந்து கத்துவே. திங்கக்கிழமை சட்டைய மாட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போயிடுவே. இந்த ஷட்டர் மாட்ட ஆள் பிடிச்சது யாரு? கரண்ட் கனெக்‌ஷனுக்கு ஆபீஸ் ஆபீசா ஏறி எறங்கினது யாரு? எனக்கு நாளைக்கும் அவருதான்டி, நாளன்னைக்கும் அவருதான்."

"உருளை நனைஞ்சா நாளன்னைக்கு உனக்கு ஷெட்டே கிடையாது."

"நனையாது," என்றாள். அதை என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஞாயிறு காலையில் யாரையும் கேட்காமல் ஹோஸை எடுத்துக்கொண்டு ஏறினேன். சாமான்களை எடுத்துப்போக வந்த டியூப் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "நான் பிடிச்சேன்னு மாமாகிட்ட சொல்லிடாதீங்க," என்றார். கூரையின் கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே போனேன். எடுத்த எடுப்பில் உச்சியிலிருந்து ஊற்றினால் எது ஒழுகுகிறது என்று தெரியாது. முதல் வரிசைக் கால்களைத் தாண்டுவதற்குள் உள்ளே இருந்து அக்காவின் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஐயோ," என்றாள். அது போதுமானதாக இருந்தது.

ஹோஸைக் கூரை உச்சியில் ஒரு செங்கல்லை மேலே வைத்து ஓடவிட்டு இறங்கினேன். உருளைகளுக்காகக் கழுவிக் காயவைத்த தரையில் சொட்டுச் சொட்டாக, மேலே இருக்கும் கால்களின் படத்தை யாரோ புள்ளி வைத்து வரைகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

மாமா அப்போதுதான் அம்மாவோடு வந்தார். பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேர்வை," என்றார்.

"மாமா, மேல ஹோஸ் ஓடுது!"

"அதான் சொல்றேன். காலங்காத்தால சில்லுனு தண்ணிய ஊத்தினா தகரம் வேர்க்காம என்ன செய்யும்? நீயே வேர்க்க வச்சுட்டு என்னையக் கேக்குற."

"ஒவ்வொரு கால் இருக்கிற இடத்துல மட்டும் வேர்க்குதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "சொன்னா வருத்தப்படுவீங்களேன்னு பாத்தேன். இது ஷீட்டு கோளாறு. இவ கம்பெனி ஷீட்டு. உள்ளுக்குள்ளயே ஊசி ஊசியா ஓட்டை இருக்கும். பொருத்தினதுல ஒரு குறையும் இல்ல, தகரத்துலதான் குறை."

நான் புகார் பிரிவில் எழுதுகிற அதே வாக்கியம், திருப்பிப் போட்டு. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நானே உட்கார்ந்து ஊசியால் தகரத்தைக் குத்தியிருப்பேன் என்ற சந்தேகம் இருந்தது. "அப்பவே நினைச்சேன். சொந்தத்துல வாங்கினா இப்படித்தான்," என்றாள். படித்த பெண்ணைவிடப் படிக்காத அண்ணனை நம்புவது அவளுக்குச் சுலபம். நான் சொன்னது உண்மையென்றால் அண்ணன் போச்சு. அவர் சொன்னது உண்மையென்றால் வெறும் நான்தான் போச்சு.

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, சொட்டு அதிகமாக விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டாள். கையால் ஒரு தடவை துடைத்தும்விட்டாள்.

"உக்காருங்க மாமா. டீ போடுறேன்."

"இங்கயா?"

"ஏன் மாமா? வேர்வைதானே."

மாமா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். உட்கார்ந்தார். அந்த மனிதருக்கு எதில் பஞ்சம் இருந்தாலும் வீம்பில் பஞ்சம் கிடையாது. வழுக்கையில் முதல் சொட்டு விழுந்தது. அசையவில்லை. இரண்டாவது காதோரம் வழிந்து சட்டைக்குள் போனது. அக்கா நிதானமாக அடுப்பைப் பற்றவைத்து, டீ போட்டு, ஆற்றி, கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது அதற்குள்ளும் ஒன்று விழுந்தது. டொப் என்று எல்லோருக்கும் கேட்டது.

மாமா குடித்தார். முழுசாகக் குடித்தார். என் தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட அந்தக் கூரைத் தண்ணீரை விழுங்குவது அவருக்கு எளிதாக இருந்தது.

"டீ எப்படி மாமா?" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு."

"உப்புக் கரிக்குதா?"

"உப்பா? எதுக்குக் கரிக்கணும்?"

"வேர்வைன்னா கரிக்குமே மாமா."

டியூப் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வாசல் பக்கம் ஓடினார். அதே வாசலில் லாரி ஹாரன் அடித்தது. உருளைகள் வந்துவிட்டன.

அக்கா வெளியே போய் டிரைவரைக் கை நீட்டித் தடுத்தாள். "இறக்காதீங்கண்ணே. கூரை ஒழுகுது."

அந்தச் சொல்லை எங்கள் குடும்பத்தில் மாமா முன்னால் ஒரு வெளியாளிடம் முதல் தடவையாக ஒருவர் சொன்னார். மாமா எழுந்தார். வழுக்கையைத் துடைக்கவில்லை. துடைத்தால் நனைந்தது என்று ஆகிவிடும் அல்லவா. "இனி இந்த ஷெட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்," என்றார். அம்மா "அண்ணா, அண்ணா" என்று பைக் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினாள். திரும்பி வந்து எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

உருளைகளை எங்கே வைப்பது? காய்ந்த தரை உள்ள இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். அக்கா பழைய முதலாளியம்மாவுக்கு போன் போட்டாள். எனக்கு அந்தப் பக்கத்துக் குரலும் கேட்டது. "கூரைகூட இல்லாமத்தான் கம்பெனி ஆரம்பிச்சியா?" என்றது. அக்கா, "ஆமாம்மா," என்றாள். "நான் அப்பவே சொன்னேன்ல?" "சொன்னீங்கம்மா." நான் போனைப் பிடுங்கப் போனேன். அவள் என்னை முழங்கையால் தள்ளிவிட்டு, "ரொம்ப நன்றிம்மா," என்று முடித்தாள். வாங்கிய இடத்துக்கு விலையாகச் செருப்புக் கம்பெனி ஆர்டரில் ஒரு பங்கை அந்த அம்மாளே செய்துகொள்வதாக ஏற்பாடு. முதல் ஆர்டரே முழுசாகக் கையில் நிற்கவில்லை.

நான் லீவு போட்டேன். டியூப் அண்ணன் போகாமல் நின்றார். ஏணி அவருடையது, அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்றார். பலகைகளை இறக்கினோம். பள்ளத்தில் துளை விழுந்த தகரங்களுக்கு ஒட்டுப் போட்டுச் சமாளிக்கலாம் என்று அவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றைக் கழற்றி வெளியே சுவரில் சாய்த்துவிட்டுப் புதுத் தகரம் வேய்ந்தோம். மேட்டைக் கவ்வும் கால்கள் கடையில் இருந்தன. முன்வரிசையிலேயே தொங்கின.

ஒவ்வொரு கால் முடிந்ததும் டியூப் அண்ணன் கேட்பார். "மேல ஒரு கோட் பூசிடட்டுமா?"

"வேணாம்ணே. கீழ டேப் இருக்கு."

"சுத்தி லேசா?"

"சரிவுல மேல்பக்கம் மட்டும் வேணா நான் வாங்கிட்டு வந்த கோந்துல பூசுங்க. கீழ்ப்பக்கத்தை விட்டுடுங்க. தப்பித்தவறிப் போன தண்ணி வெளிய வரணும்ல."

"முழுசாப் பூசாம விட்டா மனசு கேக்கலம்மா."

அடுத்த காலிலும் அதே கேள்வி. கடைசிக் கால் வரை அவர் மனசு கேட்கவே இல்லை. ஆனால் அதை மீறி ஒழுங்காகச் செய்தார். ஹோஸைப் பிடித்தோம். அக்கா தரையில் மண்டியிட்டு உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு லாரிக்குச் சொன்னாள்.

உருளைகள் வந்து சேர்ந்த பிறகு நல்ல மழை பிடித்தது. தெருவில் பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அக்காவின் ஷெட்டுக்குள் மழையின் சத்தம் மட்டும் வந்தது. மெஷின் ஓடியது. பெட்டிகள் மடிந்து மடிந்து விழுந்தன. அம்மா ஒட்டினாள். பேசத்தான் இல்லை.

மழை விட்ட ஒரு நாள், தலைவைத்துப் படுக்காத மாமா, புதுச் சட்டையில் ஒரு கஸ்டமரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அம்மாவின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது.

"பாருங்க சார். எத்தன நாள் அடிச்ச மழை? ஒரு சொட்டு? எங்கயாவது?" மாமா கூரையைத் தன் குழந்தையைக் காட்டுவதுபோலக் காட்டினார். "ஊருல இருக்கிறவன் பூரா பள்ளத்துல ஓட்டை போடுறான் சார். சோத்தைத்தான் திங்கிறானான்னு கேக்கணும். நம்ம ஸ்டைல் மேடு. கீழ டேப்பு. மேல கோந்து கீந்து ஒண்ணும் அப்புறது கிடையாது."

என்னை நேராகப் பார்த்தபடி சொன்னார். கண் இமைக்கவில்லை. எனக்குக் காது சூடானது. அக்கா பசைக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடுடி," என்றாள் மெல்ல. "மேட்டுலன்னு சொல்றாரு இல்ல. கத்துக்கிட்டாரு. அதுபோதும்."

"வாய் கத்துக்கிச்சு," என்றேன். "கை?"

கஸ்டமர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த சுபாவம் மாதிரி தெரிந்தது. "எங்களுது மாடி வீடுங்க. மேல தகரம்தான். அதுக்குக் கீழதான் எங்கப்பா படுத்திருக்காரு. எழுந்திரிக்க முடியாதவரு. நகத்தணும்னா நாலு பேரு வேணும். அதான் கேட்டுக் கேட்டுச் செய்றேன். எப்ப ஆரம்பிக்கலாம்?"

"நாளைக்கே!" என்றார் மாமா. "கால் எல்லாம் ரெடியா இருக்கு. குடோன்ல ஒரு மூட்டை மிச்சம் இருக்கு."

எந்தக் கால்கள் மிச்சம் என்று எனக்குத் தெரியும். இங்கிருந்து கழற்றியவற்றை டியூப் அண்ணன்தான் மூட்டை கட்டி எடுத்துப் போனார். அக்காவுக்கும் தெரியும். மணிக்கட்டிலிருந்து அவள் கை தானாக விலகியது.

"சார்," என்றேன். "இந்தக் கூரையில கால் வச்சது நான். மாமா வச்சது வெளிய இருக்கு. வாங்க, காட்டுறேன்."

"ஏய்!" என்றாள் அம்மா. ஷெட் நிமிர்ந்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கஸ்டமர் தயங்கித் தயங்கி என் பின்னால் வந்தார். சுவரில் சாய்த்திருந்த தகரங்களில் ஒன்றை நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தது. துளைகளைச் சுற்றி அதற்குள் துரு பிடித்திருந்தது. அவர் கிட்டே வந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு துளைக்குள் விட்டார். முனை இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

பின்னாலேயே வந்த மாமா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"அது காத்தோட்டத்துக்கு விட்டது சார்," என்றார்.